நோட்டை அனுப்பியிருக்கிறேன்

சிம்மக்கல், மதுரை.

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறாயா?

போன வாரம் போனில் நீ அழுதபோது எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "இனிமேல் மேடையில் ஆடுவதைக் குறைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நடனம் அமைக்கப் போகிறேன்மா. ஆட முடியாதவள்தான் அமைக்க வருவாள் என்று பேசுவார்கள்" என்றாய். பக்கத்தில் நின்ற அப்பா 'ஏதாவது சொல்லு' என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பேசத்தான் வராது. எழுத வரும்.

நீ அடிக்கடி சொல்லும் அந்த பாலே நடன அமைப்பாளர் அலெக்ஸி ரட்மான்ஸ்கியைப் பற்றி இந்த ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படித்தேன். பாலே பற்றி எனக்கு என்ன தெரியும், நுனிக்காலில் நிற்பார்கள் என்பது தவிர? ஆனால் அவர் வந்த வழி எனக்கு நன்றாகப் புரிந்தது. 1968-இல் லெனின்கிராடில் பிறந்து கீவ் நகரில் வளர்ந்தவர். மாஸ்கோவில் போல்ஷோய் பள்ளியில் படித்தார். படித்து முடித்தவரை அங்கே பேர்போன போல்ஷோய் பாலே குழு சேர்த்துக்கொள்ளவில்லை. கீவுக்குத் திரும்பினார். அப்புறம் கனடாவில் வின்னிபெக், டென்மார்க்கில் கோபன்ஹேகன் என்று ஊர் ஊராகப் போய் ஆடினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அமைக்கவும் செய்தார். கவனித்தாயா? கால் நின்றுபோன பிறகு அமைக்க வந்தவர் இல்லை. கோபன்ஹேகனில் முன்னணி ஆட்டக்காரராக இருந்தபடியே அமைத்தார். 2003-இல் போல்ஷோய்க்காக 'பிரைட் ஸ்ட்ரீம்' செய்தார். ஷோஸ்டகோவிச் இசையமைத்து, 1936-இல் சோவியத் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா திட்டியதோடு மேடையை விட்டே போன பாலே அது. அதை அவர் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே, இடமில்லை என்று திருப்பி அனுப்பிய அதே போல்ஷோய்க்குக் கலை இயக்குநர் ஆகிவிட்டார்.

எனக்கும் ஒரு வாசலைச் சாத்தினார்கள், கயல். உன்னிடம் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இங்கே ஒரு சபாவில் ஆட வாய்ப்புக் கேட்டுப் போனேன். "வகுப்பு எடுக்கலாம்மா, மேடைக்குச் சரிவராது" என்றார்கள். அன்றைக்கு அழுதவள்தான் மறு வருஷம் நம் மொட்டை மாடியில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பரதநாட்டிய வகுப்பு ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அந்த நோட்டும் ஆரம்பித்தது. உனக்கு ஞாபகம் இருக்கும். முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டிக்கு ஒரு சாய்சதுரம், கை போகும் பக்கத்துக்கு அம்பு, தட்டுக்கு ஒரு புள்ளி, இரட்டைத் தட்டுக்கு இரண்டு புள்ளி. நடுவில் 'தெய்யா தெய்' எல்லாம் பொடி எழுத்தில். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அதைப் பார்த்துவிட்டு "அம்மா முறுக்குப் படம் வரைகிறாள்" என்று அப்பாவிடம் சொன்னாய். எங்கள் வாத்தியார் எதையும் எழுதி வைக்கவில்லை. தட்டுக்கழியும் அவர் ஞாபகமும்தான். அவர் போனதோடு, ஜதியை முடிக்கும் அடவுக்கோவையாக அவர் கட்டிய தீர்மானங்களில் பாதி போயிற்று. அந்தப் பயத்தில்தான் எழுதினேன்.

அதனால்தான் ரட்மான்ஸ்கி கதையில் இந்த இடத்தை மூன்று முறை படித்தேன். ஸ்டெபானோவ் என்று ஒருவர் 1890-களில் நடனத்தை எழுதி வைக்க ஒரு முறை கண்டுபிடித்தார். இசைக்குக் கோடு போட்டு எழுதுவார்கள் இல்லையா, அதே மாதிரி தலைக்கும் உடம்புக்கும், கைக்கு, காலுக்கு என்று தனித்தனிக் கோடுகள். பீட்டர்ஸ்பர்க்கில் பெட்டிபா அமைத்த பழைய பாலேக்களை அப்படி எழுதி வைத்தார்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு அந்தத் தாள்களை செர்கெயெவ் என்பவர் நாட்டை விட்டு எடுத்துப் போனார். இப்போது அவை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ரட்மான்ஸ்கியும் அவர் மனைவி தத்யானாவும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதை வைத்து 2015-இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி' செய்தார். இப்போது காதளவுக்கு உயர்த்தும் காலை அதில் தாழ்வாகத்தான் தூக்குகிறார்கள். முட்டி லேசாக மடங்குகிறது. வீடியோவில் ஒரு துண்டு பார்த்தேன், அவ்வளவு நிதானம், அவ்வளவு அழகு! காலை உயரத் தூக்குகிறவளுக்குத்தான் கைதட்டு என்றால் பாதி நடனம் நம் கண்ணில் படாமலே போய்விடும். நீ வகுப்பில் எப்போதும் காலைத்தான் பார்ப்பாய். கண்ணைப் பார், முதுகைப் பார் என்று நான் கத்துவேன்.

2022 பிப்ரவரி 24 அன்று அவர் மாஸ்கோவில் ஒரு புதிய பாலேயை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். உக்ரைன் மீது போர் என்று செய்தி வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். சொந்தபந்தம் எல்லாம் கீவில். அதே வருஷம், ஊரை விட்டு ஓடிவந்த உக்ரைன் ஆட்டக்காரர்களைக் கொண்டு 'ஜிசெல்' என்ற பழைய பாலேயைச் செய்தார். 2024-இல் நியூயார்க் சிட்டி பாலே குழுவுக்காக 'சாலிட்யூட்' செய்தார். கார்கிவில் குண்டுக்குப் பலியான பதின்மூன்று வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தகப்பன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாரே, அந்தப் போட்டோவிலிருந்து வந்தது. மேடையில் அந்தத் தகப்பன் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் பின்னால் ஆடுகிறார்கள். அசையாமல் இருப்பதையும் அடவாக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் உன் அறை விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ அமைக்கிறேன் என்று சொன்னது எனக்குத் தோல்வியாகக் கேட்கவே இல்லை, தாயி. சின்னப் பிள்ளையில் கொலுவுக்கு வந்த பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து "நீ இங்கே, நீ அங்கே" என்று மாற்றிக்கொண்டே இருந்தவள்தானே நீ.

நோட்டை நேற்று கூரியரில் போட்டுவிட்டேன். முறுக்கு மாவும் ஒரு பொட்டலம் இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன்; மூன்றாவது வரியில் அம்பு இரண்டு பக்கமும் போகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கே மறந்துவிட்டது. முட்டியை வருத்தாமல், உட்கார்ந்தபடியே கையால் போட்டுப் பார்த்து அது எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா