கல்பட்டறை மேஸ்திரிக்கும் ஆச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வணக்கம்.

சிறையிலிருந்து வந்து, நம் எல்லோர் உதவியோடும் பட்டறையில் சேர்ந்த தம்பி ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் பூப்போட்ட தரைக் கல், செய்யும் வேலையில் நிலைத்துவிட்டார். தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சின்ன வயதில் வீட்டில் வாங்கிய அடி, பஸ் ஸ்டாண்டில் படுத்த இரவுகள், சில்லறைத் திருட்டு, அப்புறம் அடிதடி வழக்குகள் என்று போன கதையை இங்கே விரிக்கப்போவதில்லை. யார் யார் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் விவரமாக எழுதுகிறோம். அடுத்து வருபவருக்கும் இதெல்லாம் தேவைப்படும்.

முதலில் மேஸ்திரி அண்ணனுக்கு. அடிவாங்கியே வளர்ந்த உடம்பு, முதுகுக்குப் பின்னால் யாராவது அதட்டினால் யோசிப்பதற்குள் கையை ஓங்கிவிடும். அதைத் திமிர் என்று நினைத்து விரட்டிவிடுவார்கள். அண்ணனும் அதட்டத்தான் செய்தார். ஆனால் எதிரே வந்து நின்று அதட்டினார். வேலை பழக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். கண்ணாடியைத் துடைத்து, சட்டத்துக்குள் பூ அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சை நேர் செங்குத்தாகத் தூக்க வேண்டும். பிறகு உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, அதன்மேல் ஈரக் கலவை. தூக்கும்போது கை நடுங்கினால் பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். தூங்காத ராத்திரி மறுநாள் கல்லிலேயே தெரியும். அப்படிப்பட்ட நாட்களில் அண்ணன் அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றி, ஊறிய கல்லை எடுத்து அடுக்கச் சொன்னார். கூலியைக் குறைக்கவில்லை. முன்பணமும் தரவில்லை, அது ரொம்பச் சரி. முன்பணம் வாங்கியவர் கடனுக்குப் பயந்தே ஊரைவிட்டு ஓடுவார். முதலில் நாள் கூலி, பழகிய பின் வாரக் கூலி.

வக்கீல் அம்மாவுக்கு. பழைய வாய்தா ஒன்றைத் தவறவிட்டிருந்தால் போதும், பிடிவாரண்டு வந்து நிற்கும். விடுதலையான வாரத்திலேயே கோர்ட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடி, விட்டுப்போன வழக்கைக் கண்டுபிடித்து, அவரை நேரில் ஆஜர்படுத்தி வாரண்டை ரத்து செய்ய மனு போட்டீர்கள். இன்னொரு வழக்கில் ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அரை நாள் கூலி அதிலேயே போனது. நிபந்தனைத் தளர்வு மனுவால் அது வாரம் ஒரு முறை ஆனது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி காவலில் இருப்பவர் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

ஆதார் மையத்துத் தங்கைக்கு. பழைய சிம் தொலைந்ததால் ஓடிபி வரவில்லை, பேங்க் கணக்கு முடங்கிக் கிடந்தது. ஆதாரில் செல் நம்பரை மாற்ற அப்போது நேரில் போக வேண்டியிருந்தது. சிமெண்டில் புழங்கும் கையில் ரேகை தேய்ந்து மிஷின் எடுக்காது. நாலைந்து முறை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பாமல் கருவிழி வைத்து முடித்துக் கொடுத்தீர்கள். இனி வருபவரைப் பட்டறையில் சேர்க்கும் முன்பே அங்கே கூட்டிவருகிறோம்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கும் நர்ஸ் அக்காவுக்கும். நாள்தோறும் நிறையக் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தினால் 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், பிறகு பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. தம்பிக்குப் படுக்கை கொடுத்து, மருந்தோடு குடியை நிறுத்த வைத்தீர்கள். கெட்ட கனவுக்கும் திடுக்கிடலுக்கும் மனநலப் பிரிவில் பெயர் பதிந்ததும் நீங்கள்தான். ராத்திரியில் பேச 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்தீர்கள். இன்றும் அந்தச் சீட்டு அவர் பர்ஸில் இருக்கிறது.

ஆச்சி, உங்களுக்கு என்ன சொல்ல! உங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், அதாவது உள்முற்றத்துப் பகுதியில், ஓர் அறையைக் கொடுத்து, சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தீர்கள். வெளியிலிருந்து பூட்டும் சத்தத்திலேயே பல வருஷம் படுத்தவருக்கு உள்தாழ்ப்பாள் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரைதான் கண்டம்: கையில் கூலி, தெருமுனையில் பழைய கூட்டாளிகள். சரியாக அந்த நேரத்துக்குக் கிணற்றடி வேலையும் பணியாரமும் வைத்திருந்தீர்கள்.

படம் எடுத்துப் போடாமல் இருந்த கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தனி நன்றி. திருந்தியவர் என்று ஊரெல்லாம் காட்டினால் பழைய எதிராளிக்கும் அது விலாசம் சொல்லும்.

ஆடி கழிந்ததும் இன்னொருவர் வருகிறார். அவருக்கு உள்தாழ்ப்பாள் உள்ள அறையும், ஓட்டும் நிலையில் ஒரு சைக்கிளும் வேண்டும். இருப்பவர்கள் மேஸ்திரி அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.