சுடாத நேரத்துக்கும் பாடம் நடத்துங்கள்: கைத்துப்பாக்கிப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடம்தான் நான் கைத்துப்பாக்கி பிடிக்கப் பழகினேன். எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது, கை ஆடாமல் விசையை எப்படி இழுப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஒருநாள் வகுப்பில் துப்பாக்கியைக் காலி செய்வதற்கு அவர் ஒதுக்கிய நேரம், மாலையில் எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டிருந்த கடைசிப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்து, ஓர் இரவு பத்தரை மணி. நாள் முழுக்க இடுப்பில் இருந்த 9 எம்.எம். பிஸ்டலைத் துடைத்துவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்தேன். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் இருந்த தோட்டா துள்ளி மேசையில் விழுந்து உருண்டது. கையை விட்டேன், ஸ்லைடு முன்னால் போய் நின்றது. அதற்குப் பிறகுதான் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினை உருவினேன். மேசைமேல் ஒரு தோட்டா, கையில் மேகசின். துப்பாக்கி காலி என்று மனது முடிவுகட்டிவிட்டது. ஸ்லைடு முன்னால் போகும்போதே மேகசினில் இருந்த அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு சேம்பருக்குள் போய்விட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. என்னுடையது, பாகம் பிரிப்பதற்கு முன்னால் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டிய வகை. இழுத்தேன்.

காதுக்குள் ஒரே கீச்சொலி. எதிர்ச்சுவரில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துளை, கீழே தரையில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கட்டில். ஓடிப்போய்ப் பார்த்தேன். தலையணைக்கு ஒரு சாண் மேலே குண்டு வெளியே வந்திருந்தது. அவள் கூடத்தில் அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளும் அன்றைக்கும் எனக்கு மனப்பாடம். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. அழியக் கூடாத எதன்மேலும் குழல்வாயைத் திருப்பாதே. குறி இலக்கில் படியும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். களைத்துப்போன இரவில் ஒப்பித்ததெல்லாம் கைக்கு வருவதில்லை. பழகியது மட்டுமே வருகிறது. உருவிச் சுட்டுத்தான் என் கை பழகியிருந்தது, காலி செய்து பழகவே இல்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: காலி செய்வதை வகுப்பின் நடுவில் வையுங்கள். வெடிக்காத டம்மி தோட்டாவைக் கொடுத்து ஒவ்வொருவரையும் நூறு முறை செய்ய வையுங்கள். மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு. ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்திவிட்டு, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குழல்வாய் எதை நோக்கி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டின் மெல்லிய உள்சுவர் 9 எம்.எம். குண்டை நிறுத்தாது என்பது என் வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது என் அறை மூலையில் ஒரு வாளி நிறைய மணல் இருக்கிறது. காலி செய்யும்போது குழல்வாய் அதற்குள்தான் பார்க்கும்.

இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்களுக்கும் இதே கதைதான். எவ்வளவு வேகமாக உருவலாம் என்று நிறுத்துக் கடிகாரம் வைத்துப் பழக்குகிறீர்கள். திரும்ப ஹோல்ஸ்டர் என்னும் இடுப்பு உறையில் செருகும்போதுதான் பலர் தங்கள் தொடையைச் சுட்டுக்கொள்கிறார்கள். சட்டையின் ஓரமோ, மேல்கோட்டின் இழுகயிறோ, விசையைச் சுற்றியுள்ள வளையமான விசைக்காப்புக்குள் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து அழுத்தினால் அந்தத் துணியே விரலின் வேலையைச் செய்துவிடும். உருவுவதற்கு அவசரம் இருக்கலாம், செருகுவதற்கு என்ன அவசரம்? சட்டையை ஒதுக்கிப் பிடித்து, குனிந்து பார்த்து, மெதுவாகச் செருகட்டும். ஹோல்ஸ்டர் விசைக்காப்பை முழுக்க மூட வேண்டும், துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் அதன் வாய் மடங்கிக்கொள்ளக் கூடாது. மெல்லிய துணியில் தைத்ததை மலிவு என்று வாங்கி வருகிறவர்களை வகுப்புக்குள் விடாதீர்கள். கடுமையாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. தினமும் இரவு காலி செய்து, காலையில் அதே தோட்டாவைத் திரும்பச் சேம்பரில் ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு முறையும் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சரிவில் இடிக்கிறது. இடித்து இடித்து, குண்டு, வெடிமருந்துப் பவுடர் இருக்கும் கூடான கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். உள்ளே இடம் குறையக் குறைய, பவுடர் எரியும்போது எழும் அழுத்தம் கூடும். சாமி (SAAMI) என்று சுருக்கமாகச் சொல்லப்படும், துப்பாக்கி, தோட்டாக்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் அமெரிக்க அமைப்பு சாதாரண 9 எம்.எம். தோட்டாவுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதற்குமேல் விளையாட அதிக இடமில்லை. பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே உயர வித்தியாசம் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தத் தோட்டாவைச் சுடாமல் ஒதுக்கிவிட வேண்டும். இதைக் காட்ட இரண்டு நிமிடம் போதும்.

உங்களில் சிலர் ரீலோடிங் வகுப்பும் எடுக்கிறீர்கள். எனக்கு மிகப் பிடித்த பொழுதுபோக்கு அது. சுட்டுமுடித்த பித்தளைக் கேஸைக் கழுவி, அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்து, பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்தி, பவுடர் அளந்து ஊற்றி, குண்டை அமர்த்துவது. கைக்கு அடக்கமான வேலை, மனதுக்கு அமைதி. ஆபத்து அந்த அமைதிக்குள்ளேயே இருக்கிறது. முப்பதாவது கேஸுக்கு மேல் கை மட்டும்தான் வேலை செய்யும், மனது வேறெங்கோ போய்விடும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் .38 ஸ்பெஷலில்தான் தொடங்கினார். அந்தத் தோட்டா 1898-இல் பிறந்தது, கரும்பொடி என்னும் பழைய வெடிமருந்துக் காலத்து அளவு. கேஸ் நீளம், உள்ளே இடம் அதிகம். இன்றைய வேகமான புகையற்ற பவுடரை நாலைந்து கிரெயின் ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். 7,000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. நாலைந்து கிரெயின் எவ்வளவு என்று பாருங்கள். தவறிப்போய் இரண்டாவது முறை ஊற்றினாலும் கேஸ் நிரம்பி வழியாது. குண்டை அமர்த்திவிட்டால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. ஊற்ற மறந்துபோனால் வேறு விதமான ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதிவழிக்குத் தள்ளிவிட்டு நின்றுவிடும். ‘டம்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம், கையில் உதைப்பே இருக்காது. அங்கேயே நிறுத்திக் குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும்.

பெரியவர் 50 கேஸையும் மரப்பலகையின் குழிகளில் நிறுத்தி, பவுடர் ஊற்றி முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கச் சொல்வார். “எண்ணிக்கொண்டே பார் தம்பி, வாய்விட்டு எண்ணு” என்பார். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா; மற்றதெல்லாம் அலமாரியில். தொலைபேசி வேறு அறையில். யாராவது கூப்பிட்டால், பாதியில் நிற்கும் கேஸைக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். பவுடர் அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் மட்டுமே பார்ப்பார், நண்பர் சொன்னார் என்பதற்காக ஒரு கிரெயின்கூடக் கூட்ட மாட்டார். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்ட பிறகுதான் பேரக்குழந்தையைத் தூக்குவார். பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது, குழந்தைகளுக்கு அது கொஞ்சம்கூட ஆகாது.

உங்கள் அடுத்த ரீலோடிங் வகுப்புக்கு நானும் வருகிறேன். பிரைமர் இல்லாத 50 வெற்றுக் கேஸின் அடியை மெழுகால் அடைத்து, ஒரே அளவில் மெல்லிய மணலைப் போட்டுக் கொண்டுவருகிறேன். ஒன்றில் மட்டும் இரட்டை அளவு இருக்கும், ஒன்று காலியாக இருக்கும். மாணவர்கள் இரண்டையும் கண்டுபிடித்த பிறகு, தோட்டா செய்யும் கருவியான பிரஸ்ஸைத் தொட விடுங்கள்.

கடைசியாக ஒன்று. சொல்லக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர், ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்தில் அதனாலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பிறகு அங்கே துப்பாக்கி வியாபாரிகளும் பொதுச் சுகாதாரத்துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, கடைகளில் வைக்கத் தற்கொலைத் தடுப்புத் துண்டறிக்கைகளைத் தயாரித்தார்கள். துப்பாக்கியை நேசிக்கிறவர்களே முன்னால் நின்று செய்ததால்தான் அந்தப் பேச்சு கடைக்குள் நுழைந்தது. உங்கள் வகுப்புக்குள்ளும் அதை நீங்கள்தான் கொண்டுவர முடியும்.

சாகும் எண்ணம் பல பேருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பூட்டிய பெட்டி, தனியிடத்தில் தோட்டா, வேறொருவரிடம் சாவி என்று ஒவ்வொன்றும் அந்த நேரத்தைக் கடக்க உதவும்.

போன வருடம் ஒரு நண்பர் பூட்டிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்ப்பா” என்றார். மனைவி இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, வாங்கி என் பெட்டகத்தில் வைத்தேன், அன்று இரவு அவரை வீட்டுக்குப் போக விடவில்லை. அவருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். எப்போதோ ஒரு வகுப்பில் பயிற்றுநர் ஒருவர் சொன்னாராம்: “மனசு சரியில்லாத நாளில் இதை நம்பகமான ஆளிடம் கொடுத்து வையுங்கள், அதில் வெட்கமே இல்லை.”

இப்படி இன்னொருவரிடம் கொடுத்துவைப்பதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்துச் சட்டம் என்ன, யாரிடம் கொடுக்கலாம் என்பதை ஒரு காகிதத்தில் அச்சிட்டு, சான்றிதழோடு சேர்த்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்