கடுகு கிடைக்காத தாழ்வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் நம் பழைய புளோக்கை இடிக்கச் சுற்றி வேலி அடைத்திருக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு நீ மெல்பர்னில் உட்கார்ந்து அழுகிறாய். நான் டாசனில் மாற்றாகக் கிடைத்த புது வீட்டில் இருந்துகொண்டு, "விடும்மா, எல்லாம் ஒருநாள் போறதுதானே" என்கிறேன். "உனக்கு மனசே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை. நான் சொன்னதும் பொய்யில்லைதான், ஆனால் அழுகிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அழாதவள் இல்லை. நம் தங்ளின் ஹால்ட் பேட்டையில் 31 புளோக்குகளை, பழைய வீட்டை எடுத்துக்கொண்டு புது வீடு தருகிற அரசாங்கத்தின் செர்ஸ் திட்டத்தில் எடுக்கப் போகிறார்கள் என்று 2014 ஜூனில் தெரிந்தபோது, அப்பா போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்தில் பலருக்குச் சந்தோஷம். புது வீடு, புதிதாக 99 வருடக் குத்தகை, மாடிக்கு மாடி நிற்கிற லிப்ட். நியாயமான சந்தோஷம்தான். நான் மட்டும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே என்று.

பழைய சிங்கப்பூர் ஒரு வெள்ளி நோட்டை அப்பா பர்ஸில் மடித்து வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? 1967இல் வந்த ஆர்க்கிட் நோட்டு. பின்பக்கத்தில் நம் பேட்டையின் பத்து மாடி வீடுகள். "நோட்டில் போட்ட வீட்டையா இடிப்பார்கள்?" என்று அடிக்கடி சொல்வார். அந்த நோட்டையே இப்போது கடையில் பார்க்க முடிவதில்லை.

ரயில் நின்றபோதே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். 2011 ஜூன் 30 இரவு நம் பேட்டையை ஒட்டிய பாதையில் கடைசி மலாயா ரயில் போனது. அதற்குப் பிறகு ஒரு மாதம், ராத்திரி ரயில் வருகிற நேரத்துக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். அத்தனை வருடம் அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்கிய மனிதர். "சத்தம் இல்லாததுதான் எழுப்புது" என்பார். அப்புறம் ஒருநாள் எழவில்லை, விடியும்வரை நன்றாகத் தூங்கினார். பழகிவிட்டது. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏனோ வருத்தமாகவும் இருந்தது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டாய். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. இடப்பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியை உனக்குத் தெரியும். அவர்கள் சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். அப்பா காரியம் முடிந்த பிறகு, தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போன ஒருநாள் என்னையும் ரேஸ் கோர்ஸ் ரோட்டு புத்தர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஆயிரம் விளக்குக் கோயில் என்போமே, அதுதான். எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்பேன், உள்ளே போனதில்லை. ஒரு தாய்லாந்துத் துறவி தொடங்கியது. உள்ளே 15 மீட்டர் உயரத்துக்குப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பீடத்தைச் சுற்றி அவர் வாழ்க்கையைப் பொம்மைக் காட்சிகளாக வைத்திருக்கிறார்கள். நான் மதம் எதுவும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை முனீஸ்வரன் கோயிலுக்குப் போவது இன்னும் நிற்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு புத்தர் கதைகளைத் தேடி வாசிக்க ஆரம்பித்தேன்.

கிசா கோதமி கதை உனக்கும் தெரிந்திருக்கும். குழந்தை செத்துப்போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள். சாவே நடக்காத வீட்டில் பிடி கடுகு வாங்கி வா என்று அனுப்புகிறார் புத்தர். எல்லா வீட்டிலும் கடுகு இருக்கிறது, சாவு நடக்காத வீடுதான் இல்லை. எல்லோரும் சாகத்தான் வேண்டும் என்பதை அவளுக்குப் புரியவைத்தார் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அது அவளுக்கு முன்பே தெரியாதா என்ன? ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாளே, அங்கிருந்த பெண்கள் வெறுமனே தலையாட்டியா அனுப்பியிருப்பார்கள்? "உள்ளே வா, உட்காரு, எனக்கும் ஒரு பிள்ளை இருந்தான்" என்றுதானே ஆரம்பித்திருப்பார்கள். ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அவளால் கையிலிருந்த குழந்தையை இறக்க முடிந்தது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏனென்றால் எனக்கு நடந்தது அதுதான். பதினாறாம் நாள் முடிந்து நீங்கள் எல்லாரும் போன பிறகு, நம் தாழ்வாரத்து மனுஷர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நம் மலாய்க்கார மக்சிக் ஒரு பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். 1979இல் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஆறாம் நாள் போய்விட்டதாம். எனக்குத் தெரியவே தெரியாது பாப்பா. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே தாழ்வாரத்தில் துணி காயப்போட்டிருக்கிறோம். கடைசி வீட்டுச் சீனத் தாத்தா, வாயே திறக்காதவர், ஜப்பான்காரன் காலத்தில் தன் அண்ணனைக் கூட்டிப் போனவர்கள் திருப்பி அனுப்பவே இல்லை என்று மலாயில் சொன்னார். அண்ணன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆன்ட்டி தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார்கள். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒன்று இருந்தது. அந்த வாரத்தில்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது உன்னிடம் நான் செய்த தப்பு. அந்தக் கோயிலில் பெரிய சிலைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் புத்தர் படுத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புத்தர் உயிர்விட்ட குசிநாரா ஞாபகம் வரும். இரண்டு சால மரங்களுக்கு நடுவே கடைசியாகப் படுத்திருக்கிறார். இருபத்தைந்து வருடம் கூடவே இருந்து பணிவிடை செய்த ஆனந்தர் உள்ளே போய், கதவு நிலையில் சாய்ந்து அழுகிறார். எத்தனை வருடம் கேட்ட உபதேசம்! அவருக்கும் அழுகை வருகிறது. புத்தர் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார். வேண்டியவர்கள் எல்லாரையும் ஒருநாள் பிரியத்தான் வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேனே, பிறந்தது அழியாமல் இருக்குமா என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. நீ இத்தனை காலம் அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டாய், செய்கையாலும் சொல்லாலும் மனதாலும் குறையே வைக்கவில்லை என்கிறார். பிறகு மற்றத் துறவிகளிடமும் ஆனந்தரின் நல்ல குணங்களை எடுத்துச் சொல்கிறார்.

நான் போனில் உனக்கு முதல் பாதியை மட்டும் சொன்னேன். இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன்.

அதை இப்போது சொல்கிறேன். 2012இல் ஏழு வாரம் விடுமுறை போட்டுவிட்டு வந்து அந்த வீட்டில் இருந்தாய். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாய். தினமும் காலையில் தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்புவரை வாசித்துக் காட்டினாய். அவர்தான் அதையும் வாசிக்கச் சொல்வார். ஒருநாள் ரசம் தொண்டையில் இறங்காமல் உன் சட்டையில் கொட்டியபோது, முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாய். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காக அழ உன்னைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? அன்றைக்கே இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டேன்.

அம்மியை என்ன செய்தாய் என்றும் கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். அப்பாயி ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த அம்மி. வீடு காலி செய்கிற வாரம் அதைக் கழுவித் துடைத்தபோதுதான் நடுவில் இருக்கிற பள்ளத்தைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு விரல் படுக்கிற ஆழம். குழவியும் நடுவில் இளைத்திருந்தது. அப்பாயி அரைத்தது, அப்புறம் நான் அரைத்தது. மீன் குழம்புக்கு மசாலா, தேங்காய்த் துவையல், உனக்குக் காய்ச்சல் என்றால் மிளகு. ஒரு நாளாவது கல் தேய்வதை என் கண் பார்த்திருக்குமா? தேய்ந்த கல் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். நம் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. அம்மியின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, ஆனால் சமையலறைக் குழாயடியில் அழுத மாதிரி இல்லை.

பழைய சாமான் வாங்குகிற கராங் குனிக்காரர் தையல் மெஷினையும் பழைய மின்விசிறியையும் எடுத்துக்கொண்டார், அம்மியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டார். டாசன் வீட்டுச் சமையலறையில் அதற்கு இடம் இல்லை. மக்சிக்தான் கேட்டாள். மலாயில் அவர்கள் அம்மியை 'பத்து கிலிங்' என்பார்கள், பத்து என்றால் கல். யீஷூனில் மகள் வீட்டுக்குப் போகும்போது கூடவே கொண்டுபோனாள். கொடுத்த அன்று இரவு, கொடுத்திருக்கக் கூடாதோ என்று புரண்டு புரண்டு படுத்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நம் முனீஸ்வரனே இடம் மாறியவர்தானே. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் குவீன்ஸ்வே பக்கம் வைத்துக் கும்பிட்ட சாமி, காமன்வெல்த் டிரைவுக்கு வந்தார். இங்கே பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பித்துக் குடமுழுக்கு செய்கிறார்கள். கல்லில் இருக்கிற சாமிக்கும் மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. நம் பெரியவர்களுக்கும் இது தெரிந்துதான் இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆன்ட்டி வீடு இப்போது எனக்கு இரண்டு புளோக் தள்ளி. முழங்கால் வலி, வெளியே அதிகம் வருவதில்லை. வியாழக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கடைசி வீட்டுத் தாத்தா போய்விட்டார். உன்னிடம் சொன்னேனா, தெரியவில்லை.

போன வாரம் மக்சிக் போன் செய்தாள். அம்மி சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டாராம். இப்போது ஒரு பழைய துண்டை நான்காக மடித்து அடியில் போட்டு அரைக்கிறாளாம். நீ டிசம்பரில் வருகிறாய் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாள், சம்பல் அரைத்து வைப்பாளாம். தங்ளின் ஹால்ட்டுக்கும் ஒரு நடை போவோம். வேலி இருந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், பழைய ரயில் பாதையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். உனக்கு அழுகை வந்தால் அழு, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

மெல்பர்னில் குளிர் அதிகம் என்றாய். காலுறை போட்டுக்கொண்டு படு.

அன்புடன்,
அம்மா