நூறு கோடியில் 226.5

அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தின் ஹால் சி கூடத்தில், புரோட்டானின் ஒரு நுண்ணிய குணத்தை அளந்த கியூவீக் சோதனைக்காகக் கண்விழித்த அனைவருக்கும்,

முடிவு 2018 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வந்தபோதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோட்டானின் மின்னூட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அணுக்கருவின் பீட்டா சிதைவுக்குக் காரணமான மென்விசைக்கும் அதனிடம் ஓர் ஊட்டம் உண்டு, மிகச் சிறியது. இயற்கையின் விசைகளில் இடம் வலம் பார்ப்பது மென்விசை மட்டுமே. ஆகவே எலெக்ட்ரான்களின் சுழற்சியை ஒருமுறை இப்படியும் மறுமுறை எதிராகவும் திருப்பி, ஹைட்ரஜனில் பட்டுச் சிதறுபவற்றை ஒப்பிட்டோம். கிடைத்த வேறுபாடு நூறு கோடியில் 226.5, பிழை 9.3.

எலெக்ட்ரான் கற்றை பிறக்கும் கதிர்மூலத்தைப் பார்த்துக்கொண்டவர்களே, சுழற்சியை நொடிக்கு 960 முறை மாற்றினீர்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கற்றை துளி நகர்ந்திருந்தாலும் அந்த நகர்வையே புரோட்டானின் குணம் என்று நம்பியிருப்போம்.

கற்றை மோதும் இலக்கைப் பார்த்துக்கொண்ட குழுவுக்கு என்ன சொல்ல! சுமார் 35 செ.மீ. நீளத்துக்குத் திரவ ஹைட்ரஜன், 20 கெல்வினில். அதன் வழியே 180 மைக்ரோஆம்பியர் கற்றை. இரண்டு கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் உள்ளே இறங்கியபடியே இருக்கும். திரவம் கொதித்து அடர்த்தி அலைபாய்ந்தால் நாங்கள் தேடியது அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். வேகமாகச் சுழலவிட்டுக் குளிர்வித்துக்கொண்டே இருந்தீர்கள். அந்த இரவுகளில் திரையில் ஓடிய கோடு நேராகவே இருந்தது. அது நேராக இருப்பதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

கற்றையின் முனைவாக்கத்தை, அதாவது சுழற்சிகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் ஒழுங்காக இருந்தன என்பதை, இரண்டு வழிகளில் அளந்து சரிபார்த்தவர்களுக்கும், சிதறிய எலெக்ட்ரான்களை உணரும் குவார்ட்ஸ் கண்டுணரிகளைப் பொருத்தியவர்களுக்கும் நன்றி.

2012இல் தரவெடுப்பு முடிந்தது. பகுப்பாய்வுக்கு மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. எங்கள் ஆசையே விடையை வளைத்துவிடக் கூடாது என்று உண்மையான எண்ணோடு எங்களுக்கே தெரியாத ஓர் எண்ணைக் கூட்டி வைத்திருந்தோம். ஒவ்வொரு திருத்தத்தையும் விடை தெரியாமலே செய்து முடித்தவர்களின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். திரை விலகியபோது புரோட்டானின் மென்விசை ஊட்டமாக வந்தது 0.0719, பிழை 0.0045. துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடான திட்ட மாதிரி கணித்திருந்தது 0.0708.

இந்த எண்ணை எங்கே எழுதினாலும், கொதிக்காமல் சுழன்றுகொண்டிருந்த அந்தத் திரவம்தான் என் கண்முன் நிற்கிறது.

அன்புடன்,
இரவுப் பணிகளில் உங்களோடிருந்த ஒரு மாணவி