கையெழுத்துப் போட்டவனும் கேட்கலாம்: தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். சேர்ந்த அன்று ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாள்களை நீட்டி, "ஒன்னுமில்ல தம்பி, இதுல ஒரு சைன் போடுங்க" என்றார்கள். ஹட்டன் பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்புக்கூடத் தீரவில்லை. போட்டேன்.

சேமலாப நிதி, ஓவர்டைம், பணிக்கொடை எல்லாம் சம்பளத்துக்குள் அடக்கம், விலகும்போது எதையும் கேட்கமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது விலகிய அன்றுதான் தெரியவந்தது.

அதன்பிறகும் முறைப்பாடு கொடுக்க நாரஹேன்பிட்டியில் உள்ள உங்கள் தொழில் திணைக்களத்துக்கு வர எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பயத்தால் அல்ல, கூச்சத்தால். கைநாட்டு வைத்த என் பாட்டிகூட, வைத்தபின் சொல் மாறியதில்லை. அவர் வளர்த்த பிள்ளை கையெழுத்தும் போட்டுவிட்டுக் காசும் கேட்கப் போவதா? இந்தக் கூச்சத்தை நம்பித்தான் அந்தத் தாள்கள் அச்சாகின்றன, ஐயா. நீதிமன்றத்தில் அவை நிற்காது என்பது அச்சடிப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 31ஆ(4) பிரிவு இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் மாறாக என்ன எழுதியிருந்தாலும், தொழிலாளர் வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாயசபை நிவாரணம் கொடுக்கலாம் என்கிறது. பணிக்கொடையும் அப்படித்தான். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் முதலாளிமேல் சுமத்தியிருக்கிறது. அதை ஒரு தாளால் கழற்றிவைக்க முடியாது. எங்கள் கடையில் 22 பேர். என் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய். ஒன்பது வருடத்துக்கு 180,000 ரூபாய். அது என் தங்கையின் படிப்பு. சேமலாப நிதிக்கு முதலாளி தன் கையிலிருந்து கட்டவேண்டிய 12 வீதத்தையும் எங்கள் சம்பளத்திலேயே வெட்டிய கதை வேறு.

என் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன், அது தன் வழியில் போகட்டும். உங்களிடம் கேட்பது வேறு. கடைகளுக்கு வரும் தொழில் அதிகாரிகள் சம்பளப் பதிவேட்டோடு நாங்கள் கையெழுத்திட்ட தாள்களையும் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். 31ஆ(4) சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சிப்பந்திகள் சாப்பிடும் இடத்தில் ஒட்டவையுங்கள்.

தீபாவளி வியாபாரத்துக்கு மலையகப் பிள்ளைகள் வந்து இறங்குமுன் இது நடக்கவேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் கடைச் சிப்பந்தி ஒருவன்
கொழும்பு