மும்பையில் மேடைகளைக் குறைத்து மேசைகளைக் கூட்டுங்கள்

எத்தீரியம் டெவலப்பர்களின் உலக மாநாடான டெவ்கான் நடக்கும் வாரத்தில் மும்பையில் நிகழ்ச்சி நடத்தவிருக்கும் பிளாக்செயின் தரவுக் குழுக்களுக்கு, குறிப்பாக பிளாக்செயின் பதிவுகளைத் தேடக்கூடிய தரவாக வரிசைப்படுத்தும் தி கிராஃப் கட்டமைப்பை வளர்ப்பவர்களுக்கும் அதுபோன்ற இண்டெக்ஸிங் சேவைகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

2014இல் பெர்லினில் தொடங்கிய டெவ்கான், ஷாங்காய், பிராக், ஒசாகா, போகோட்டா, பாங்காக் என்று பல ஊர்களைச் சுற்றி, 2026இல் முதல் தடவையாக இந்தியாவுக்கு வருகிறது. விசாவுக்கு அலையாமல் உங்கள் நிரலை எழுதியவர்களை நேரில் பார்க்க எங்களில் பலருக்கு இதுதான் முதல் வாய்ப்பு. அதனால் முன்கூட்டியே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வாரத்தில் ஒரு முழு நாளை, வேறு எதையும் சேர்க்காமல், பழுது பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள்.

ஏன் பழுது என்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எத்தீரியம் என்ற பிளாக்செயின் தன் கணக்கை பிளாக் பிளாக்காக அடுக்கி வைக்கிறது. 'இந்த முகவரி ஆறு மாதத்தில் எங்கெங்கே கடன் வாங்கியது' என்று கேட்டால் அதனால் நேராகப் பதில் சொல்ல முடியாது. ஸ்மார்ட் கான்ட்ராக்ட்கள், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரல்கள், விட்டுச்செல்லும் பதிவுகளை யாராவது ஒவ்வொரு பிளாக்காகப் படித்து, பிரித்து, போஸ்ட்கிரஸ் மாதிரியான ஒரு தரவுத்தளத்தில் வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். சப்கிராஃப் எழுதுவது என்றால் இந்த வேலைதான். எந்த கான்ட்ராக்ட், எந்தப் பதிவு என்று சொல்லி, தரவின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா எழுதி, அசெம்ப்ளிஸ்கிரிப்ட் மொழியில் கொஞ்சம் நிரல் எழுதினால் முதல் நாளே ஓடிவிடும். தொல்லை அதற்கு அப்புறம்தான் வரும்.

ரீஆர்க்கையே, அதாவது வந்த பிளாக்குகள் தள்ளப்பட்டு வேறு பிளாக்குகள் அவற்றின் இடத்தைப் பிடிப்பதையே, எடுத்துக்கொள்வோம். எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் வருகிறது. அது இனி மாறாது என்று உறுதியாவதற்கு வழக்கமாக 13 நிமிடம் போல ஆகும். அதற்குள் சங்கிலியின் நுனி மாறினால், பதிவுகளை வரிசைப்படுத்தும் இண்டெக்ஸர் தான் எழுதிய வரிகளை அழித்துவிட்டுப் புதிய பிளாக்கிலிருந்து திரும்ப எழுத வேண்டும். 2022 மே மாதம் எத்தீரியத்தின் பீக்கன் செயினில் 7 பிளாக்குகள் இப்படிப் போயின. 2023 பிப்ரவரியில் பாலிகான் என்ற இன்னொரு பிளாக்செயினில் 157. பத்து பிளாக் பொறுத்தால் போதும் என்று எழுதிவைத்த நிரலால் அன்று எந்தப் பயனும் இருந்திருக்காது. ஒரு கடன் செயலியின் இருப்பு தவறாகத் தெரிந்தால் அதை நம்பிப் பணம் போடுகிறவர் இழக்கிறார். இவ்வளவு முக்கியமான விஷயம், நான் போன கூட்டங்களில் ஒரே ஒரு ஸ்லைடாகத்தான் வந்துபோனது.

இன்னொன்று பழைய வரலாறு. 2025 ஜூலையிலிருந்து எத்தீரியம் நோட்கள், அதாவது அந்த நெட்வொர்க்கை ஓட்டும் கணினிகள், 2022 செப்டம்பரில் நடந்த மெர்ஜ் என்ற பெரிய மாற்றத்துக்கு முந்தைய பிளாக் தரவை வைத்திருக்காமல் விடலாம். வட்டில் 300 முதல் 500 ஜிபி வரை மிச்சமாகும். வீட்டில் நோட் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல முடிவு, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 2018இல் வந்த ஒரு கான்ட்ராக்டின் சப்கிராஃபை இன்று முதலிலிருந்து ஓட்ட வேண்டியவர், அந்தத் தரவு தன் நோடில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே எடுப்பது என்று பார்த்தாக வேண்டும். இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை செய்துகாட்டினால் பல நாள் தலைவலி மிச்சம்.

2024 ஜூனில் தி கிராஃபின் பழைய இலவசச் சேவை மூடப்பட்டு எல்லோரும் பரவலாக்கப்பட்ட நெட்வொர்க்குக்கு மாற வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தின் சர்வரை எல்லோரும் நம்பியிருப்பது நல்லதல்ல. 2020 நவம்பரில், பலரும் நம்பியிருந்த நோட் சேவையான இன்ஃபியூராவில் ஓடிய கெத் மென்பொருளின் பழைய பதிப்புகள் தடம் மாறி நின்றபோது, பெரிய கிரிப்டோ சந்தையான பைனான்ஸே எத்தீரியத்தின் நாணயமான ஈதரை எடுப்பதை நிறுத்திவைத்தது. ஆகவே மாறியது சரிதான். ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள குழுக்களுக்கு, அந்த மாற்றத்தில் கை பிடித்து நடத்த ஆள் தேவைப்பட்டது.

ஹேக்கத்தான்களை நான் குறை சொல்லவில்லை. 2018 முதல் பெங்களூரில் நடந்த ஈத்இந்தியா ஹேக்கத்தான் எத்தனையோ கல்லூரிப் பிள்ளைகளை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. 2022இல் சான் பிரான்சிஸ்கோவில் தி கிராஃபின் மாநாடான கிராஃப் டே முடிந்த கையோடு ஒரு ஹேக்கத்தானும் வைத்தீர்கள். பேச்சும் வேலையும் அடுத்தடுத்து வரும் அந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் ஹேக்கத்தான் என்றாலே பரிசு புதிதாகச் செய்பவருக்குத்தான். இரண்டு வருடமாகப் பலரும் பயன்படுத்தும் ஒரு சப்கிராஃபைச் சரிசெய்து, டெஸ்ட் எழுதி, ஆவணத்தைத் திருத்துகிறவருக்கு யாரும் மேடையில் கை தட்டுவதில்லை. மும்பையில் அவருக்கும் ஒரு பரிசு வையுங்கள். முடிந்தால் ரூபாயில் கொடுங்கள். டோக்கனாகக் கொடுத்தால், விற்கும்போது வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, வரம்பைத் தாண்டிய விற்பனைக்கு 1 சதவீதப் பிடித்தம் என்று 2022இலிருந்து இங்கே உள்ள நடைமுறையில் ஒரு மாணவர் மாட்டிக்கொள்வார்.

பழுது நாள் எப்படி இருக்க வேண்டும் என்றால், ரீஆர்க்குக்கு ஒரு மேசை, மெதுவாக ஓடும் சிங்க்குக்கு, அதாவது தரவைப் படித்து முடிக்க ஆகும் தாமதத்துக்கு, ஒன்று, பழைய தரவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதியின் நிரலை எழுதியவர் காலையிலிருந்து மாலை வரை இருக்க வேண்டும். வருகிறவர்கள் தங்கள் பிழைப் பதிவுகளை முன்பே அனுப்பட்டும். அங்கே தீர்ந்ததும் தீராததும் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போகட்டும்.

மேசை என்று வற்புறுத்த இன்னொரு காரணம் உண்டு. அரங்கில் மைக் வந்தால் ஆங்கிலம் சரளமாக வருகிறவர்தான் எழுந்திருப்பார். சேலத்திலோ நாக்பூரிலோ இருந்து வந்து, பிரச்சினையை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிற பிள்ளை வாய் திறக்காமல் ஊர் திரும்பும். மேசையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாலே பாதிக் கேள்வி கேட்டாகிவிடும். அழைப்பிதழையும் பதவி பார்த்துக் கொடுக்காதீர்கள். 'நிறுவனர்', 'முதலீட்டாளர்' என்று நிரப்பினால்தான் அனுமதி வருகிறது என்ற நிலை இந்த ஒரு நாளுக்காவது வேண்டாம்.

கடைசியாகத் தேதி. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே நாளையும் இடத்தையும், எந்த மேசையில் யார் இருப்பார் என்பதையும் அறிவித்துவிடுங்கள். விமானத்துக்குப் பணம் தர நிறுவனம் இல்லாதவர்களும் வந்து சேர்வார்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு சப்கிராஃப் டெவலப்பர்