வேப் கருவிகளை நாங்கள் ஏன் சர்வீஸுக்கு எடுப்பதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்குள் நுழைந்ததும் வலது பக்கக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'வேப் சர்வீஸ் கிடையாது. சார்ஜ் போட்டுத் தர மாட்டோம். காயில், பாட் கேட்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறோம். வேப் என்பது பேட்டரியில் ஓடும் மின்சிகரெட். காயில் அதில் சூடேறும் கம்பிச்சுருள், பாட் திரவம் இருக்கும் சின்னக் குப்பி. மதுரை சிம்மக்கல்லில் இத்தனை வருஷமாக போன் சர்வீஸ் பார்க்கிறோம். தண்ணீரில் விழுந்த போனைக்கூட முடியாது என்று சொல்லாமல் வாங்கி வைத்துப் பார்ப்பவர்கள் நாங்கள். அதனால் இந்த அட்டையைப் பார்த்துச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். "ஒரு சார்ஜிங் போர்ட் மாத்துறதுக்கு என்னண்ணே இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டார். கூட்ட நேரத்தில் அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. எல்லோருக்குமாக முழுதாக எழுதிவிடலாம் என்று இந்த மடல்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு இப்படிப்பட்ட மூன்று கருவிகளுக்கு நாங்களே வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறோம். இரண்டுக்கு டைப்-சி போர்ட் மாற்றினோம், ஒன்றுக்கு அறுந்த வயரைச் சால்டர் வைத்தோம். தலைக்கு 150 ரூபாய் வாங்கினோம். கொண்டுவந்த பையன்களுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பத்து நிமிஷ வேலைதானே என்று முடித்துக் கொடுத்தேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

உறுத்தத் தொடங்கியது ஒரு அப்பாவால். செல்லூர்ப் பக்கமிருந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பச்சை நிறம், கட்டைவிரல் நீளம், கீழே சார்ஜ் ஏற்றும் ஓட்டை. "பையன் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்துச்சுண்ணே. பென் டிரைவுங்கிறான். பிரவுசிங் சென்டர்ல குடுத்துப் பார்த்தேன், கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரலயாம். உள்ள என்ன படம் கிடம் வச்சிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். பையன் பத்தாம் வகுப்பு. தப்பான படம் ஏதாவது இருந்துவிடுமோ என்பதுதான் அவர் பயம். அதைக் கையில் எடுத்ததுமே மாம்பழ மிட்டாய் வாசம் அடித்தது. அவரை உட்காரவைத்து, டீ சொல்லி, இது புகை இழுக்கிற கருவி என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுல ஒரு நாளும் சிகரெட் வாடை வரலயேண்ணே?"

வராது. வாடை வராமல் இருப்பதற்கே செய்த பொருள் மாதிரித்தான் இருக்கிறது அது. நாங்கள் பழுது பார்ப்பவர்கள். எதையும் திறந்து பார்த்தால்தான் மனசு ஆறும். அந்த அப்பா சம்மதத்தோடு அதைத் திறந்தோம். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, நகக்கண் அளவு ஒரு போர்டு, போன் மைக் மாதிரியே வட்டமாக ஒரு சென்சார், பஞ்சைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், பஞ்சில் ஊறிய திரவம். வாயில் வைத்து இழுத்தால் காற்று ஓட்டத்தை அந்த சென்சார் உணர்ந்து சர்க்யூட்டை இணைத்துவிடும். கம்பிச்சுருள் சூடேறும், திரவம் பொடித்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் போகும். பலர் இதைத் தண்ணீர் ஆவி என்று நினைக்கிறார்கள். தண்ணீர் ஆவி இல்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் அதோடு நிகோடின். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாவதையும், கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் அந்தத் துளிகளில் கலப்பதையும் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது நிகோடின் விஷயம். இன்றைக்கு இருக்கும் மின்சிகரெட்டுக்கு வழி போட்டவர் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர். 2003 வாக்கில் சிகரெட்டுக்கு மாற்றாக அவர் அதை உருவாக்கினார். அந்தப் பழைய வகைத் திரவத்தில் நிகோடின் கூடினால் தொண்டை எரியும், இருமல் வரும், புதிதாக இழுப்பவன் நிறுத்திவிடுவான். அப்புறம் அமெரிக்காவில் 2015-ல் வந்த ஜூல் என்ற பென் டிரைவ் வடிவக் கருவி, பென்சாயிக் அமிலம் சேர்த்த நிகோடின் உப்பை வைத்து இந்த எரிச்சலைக் குறைத்துவிட்டது. எரியவில்லை என்றால் எவ்வளவு இழுக்கிறோம் என்று இழுப்பவனுக்கே தெரியாது. சிகரெட் தீர்ந்தால் கையைச் சுடும். இதில் எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் ஒரு மில்லி திரவத்துக்கு 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே மறைத்து விற்கும் பெட்டிகளில் 5% என்று அச்சடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதாவது மில்லிக்கு 50 மில்லிகிராம். அந்த எண்ணாவது உண்மையா என்று சோதிக்க இங்கே யாரும் இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2019-ல் பார்த்தது. நுரையீரல் பாதித்து 2,800-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துள்ள கள்ளச்சந்தைத் திரவங்களில் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெயைக் கலந்ததுதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் கிடைப்பது எல்லாமே கள்ளச்சந்தைச் சரக்கு என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

சரி, சட்டம். தமிழ்நாடு அரசு 2018-லேயே மின்சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அதே வருஷம் டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்வது, விற்பது, விநியோகிப்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் எல்லாமே குற்றம். விற்பனை முதலானவற்றுக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்று வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 'முழுப் பொருளாகவோ அதன் ஒரு பாகமாகவோ' என்று சட்டத்திலேயே சொல்லியிருக்கிறது. காயிலும் பாடும் கேட்பவர்களுக்கு நாங்கள் கை விரிப்பது இதனால்தான்.

"இதில் நிகோடின் இல்லண்ணே, வெறும் ஃப்ளேவர்தான்" என்பார்கள். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூடாக்கி இழுக்கிற கருவி என்றால் அது தடைக்குள் வரும். மின் ஹூக்காவும் வரும். துபாயிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரரிடம் "ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாமா" என்று சொல்வதும் இறக்குமதியில் போய் முடியும். சிங்கப்பூரில் 2018-லிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம்.

இழுப்பவனுக்கு என்று இந்தச் சட்டத்தில் தனியாகத் தண்டனை கிடையாது. இது தெரிந்த கல்லூரித் தம்பிகள் சிலர் தைரியமாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து நண்பர்கள் காசு போட்டு, ஒருவன் பேரில் ஆர்டர் போட்டு, அவன் வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தால், மற்ற நான்கு பேருக்கும் அவன் கூட்டாளி. சட்டத்தின் கண்ணுக்கு அவன் கொண்டு வந்தவன், விநியோகித்தவன். மாட்டப்போவது பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே உதவிக்கு ஓடுகிற நல்ல பையன்தான்.

இருப்பு வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வாசலுக்கே வந்தது. நான் இல்லாத ஒரு மதியம் ஒருவர் வந்து, எங்களிடம் வேலை பழகும் தம்பியிடம் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் காட்டியிருக்கிறார். முப்பது பீஸ். "நீ விக்க வேண்டாம், எடம் மட்டும் குடு. ஆளு வந்தா எடுத்துக் குடு, பீசுக்கு 200 ரூபா" என்று பேச்சு. தம்பிக்குப் பத்தொன்பது வயசு, அவன் வருமானத்தில்தான் தங்கச்சி படிக்கிறாள். அவன் வாங்கவில்லை. எனக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்த ஆள் கேட்ட அந்த 'எடம் மட்டும்' என்பதற்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. நம் பகுதியில் செராக்ஸ் கடை, டீக்கடை, ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் கடைப் பையன்களிடம் இதை ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

"சிகரெட்டுக்கு இது பரவாயில்லையாமே, இங்கிலாந்தில் டாக்டர்களே சொல்கிறார்களாமே" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புகையிலை எரிவதில்லை, அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டில் வருகிற மாதிரி வருவதில்லை. வருஷக்கணக்காக சிகரெட் பிடித்த பெரியவர்கள் அதை விடுவதற்கு அங்கே இதை ஒரு வழியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் 18 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகையை 2025 ஜூன் 1 முதல் அடியோடு தடை செய்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து மருந்துக் கடையில் மட்டும்தான். எங்கள் கடைக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எதை விடுவதற்காக அவர்கள் இதைப் பிடிக்கிறார்கள்?

பெற்றோருக்கு இன்னும் கொஞ்சம். மனித மூளை இருபத்தைந்து வயசு வாக்கில்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது என்கிறார்கள். அதற்குள் நிகோடின் பழகினால் கவனமும் மனநிலையும் அதன் பிடிக்குள் போய்விடும். இழுக்காத நேரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, புத்தகத்தில் மனசு நிற்காமை எல்லாம் வரும். இதைப் பரீட்சை டென்ஷன் என்று நாம் நினைத்துக்கொள்வோம். உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் நம் பள்ளிக்கூடங்களுக்குள் எப்படிப் புகுந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-ல் அதைப் பற்றிக் கேள்வி கேட்கிற நிலை வந்தது. அது உதட்டுக்குள் ஒளிந்தது. இது பென்சில் டப்பாவுக்குள் ஒளிகிறது.

கண்டுபிடித்தால் அடிக்காதீர்கள். அந்த செல்லூர் அப்பா அடிக்கவில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனார், மனநலப் பிரிவில் பேசினார்கள். மூன்று நான்கு மாதம் கஷ்டப்பட்டார்கள், நடுவில் ஒரு தடவை பையன் மறுபடி தொட்டுவிட்டான் என்றும் சொன்னார். சிகரெட் பெட்டிகளில் அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் புகையிலைப் பழக்கத்தை விட உதவுவதற்குத்தான். வேப் பிடிப்பவர்களும் அதில் பேசலாம்.

கருவி கையில் கிடைத்தால் உடைக்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். திரவம் சின்னக் குழந்தைகள் வாயில் போனால் விஷம். சாதாரணக் குப்பையோடு கலக்காமல், பேட்டரி உள்ள பொருள் என்று சொல்லி மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

இந்தக் கருவியோடு கடைக்கு வரும் பையன்களை நாங்கள் திட்ட மாட்டோம், வீட்டு நம்பர் கேட்க மாட்டோம். வேலை மட்டும் பார்க்க மாட்டோம். பெற்றோருக்கு, வீட்டில் என்னவென்று புரியாத ஒரு பொருள் கண்ணில் பட்டால் அதைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம், போனில் படம் எடுத்து வந்து காட்டுங்கள். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் வந்தால் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் மொபைல் சர்வீஸ் கடைக்காரர்,
சிம்மக்கல், மதுரை